தாச்சியில் ஒட்டும் கொழுக்கட்டை

எங்கள் குசினியில் இரண்டு மாப் பேணிகள் இருக்கும். ஒன்றில் பச்சைக் கோதுமை மா, மற்றதில் அவித்து அரித்த கோதுமை மா. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். நத்தாருக்கு வாங்கிய பன்றி இறைச்சியில் கொஞ்சம் பச்சையாகவே மிஞ்சியிருந்தது. மாவுக்குள் இறைச்சி வைத்து மடிக்கும் சீனக் கொழுக்கட்டையான டம்ப்ளிங் செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். கையில் அகப்பட்டது இரண்டாவது பேணி. தண்ணீர் விட்டுக் குழைத்தேன், உருண்டது. உருளையால் தேய்த்தேன், ஓரமெல்லாம் வெடித்தது. தூக்கினால் கையில் பாதி, பலகையில் பாதி. எட்டிப் பார்த்த அம்மம்மா சிரித்துவிட்டார்.

"அது அவிச்ச மாவெல்லே பிள்ளை, இடியப்பத்துக்கு வைச்சது. அதிலை எப்பிடி இழுவை வரும்?"

அம்மம்மா சொன்ன அந்த இழுவைக்கு அறிவியலில் குளூட்டன் என்று பெயர். கோதுமையில் குளுட்டெனின், கிளையடின் என இரண்டு வகைப் புரதங்கள் உண்டு. மா உலர்ந்திருக்கும்வரை அவை சும்மா கிடக்கும். தண்ணீர் பட்டு, கையும் அழுத்தத் தொடங்கியதும் ஒன்றோடொன்று கொளுவி வலையாகிவிடும். குளுட்டெனின் றப்பர் போல இழுபட்டுத் திரும்பும். கிளையடின் வழுக்கி நெகிழ்ந்து கொடுக்கும். ரொட்டிக் கடையில் மாவை வீசி விசிறும்போது கிழியாமல் நிற்பது இந்த வலையால்தான்.

மாவைத் துணியில் கட்டி நீராவியில் வைத்தால் அந்தப் புரதங்கள் சூட்டில் உருமாறிப் போகும். பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் சரியாக வலை பின்னாது. அவித்த முட்டை திரும்பப் பச்சை முட்டை ஆகாதே, அப்படி. புட்டு உதிரியாக வரவும் இடியப்பம் உரலில் இலகுவாக இறங்கவும் நமக்கு அதுதான் வேண்டும். சீனர்களின் டம்ப்ளிங் இலைக்கு, அதாவது உள்ளீட்டை மூடும் மெல்லிய மாத் தோலுக்கு, அது உதவாது.

ஆனால் முழு இழுவையும் வேண்டாம். இங்கேதான் கொதிநீர் வருகிறது. 250 கிராம் பச்சைக் கோதுமை மாவுக்கு 150 மில்லிலீற்றர் கொதிநீரை மெல்ல விட்டு, அகப்பைக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் குழைக்க வேண்டும். அப்போது மாவுக்குள் இரண்டு வேலைகள் சேர்ந்து நடக்கும். புரதத்தின் ஒரு பகுதி அவிந்து இழுவை குறையும். மாப்பொருள் மணிகள் சுமார் 60 பாகை செல்சியஸில் தண்ணீர் குடித்து வீங்கிப் பசையாகும். பிறகு ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் விட்டால் மிச்ச வலையும் தளரும். தேய்த்த வட்டம் சுருங்கித் திரும்பி வராது. தண்ணீரில் போட்டு அவிக்கும் ஜியாவோட்சு என்ற டம்ப்ளிங்குக்குச் சீன வீடுகளில் குளிர்ந்த நீரில்தான் மா குழைப்பார்கள். கொதிக்கிற பானைக்குள் முட்டி மோதினாலும் உடையாத இலை அதற்கு வேண்டும். தாச்சியில் ஒரே இடத்தில் இருக்கப் போகிறவற்றுக்கு மென்மையே நல்லது.

நம்முடைய கொழுக்கட்டையும் கொதிநீர் மாதான். ஆனால் அரிசி மாவில் குளூட்டன் அறவே இல்லை. முழுப் பாரத்தையும் மாப்பொருள் பசைதான் தாங்க வேண்டும். அதனால்தான் கொழுக்கட்டைத் தோல் கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது. மெல்லிதாக்கினால் அவியும்போதே வெடித்துப் பயறு வெளியே வரும். டம்ப்ளிங்கில் பசையும் உண்டு, பாதி வலையும் உண்டு. ஓரம் மெல்லிதாகவும் நடு சற்றுத் தடிப்பாகவும் தேய்த்து, பிறைநிலா மாதிரி மடித்து, ஒரு பக்கத்தை மட்டும் சுருக்கிச் சுருக்கி அழுத்தினால் சரி. யூடியூப்பில் பத்துத் தடவை பார்த்தும் எனக்கு வராத அந்தச் சுருக்கு, பல்லுக் கொழுக்கட்டை பிடித்த அம்மம்மாவின் விரலுக்கு முதல் தடவையே வந்துவிட்டது.

இனி உள்ளீடு. அரைத்த பன்றி இறைச்சி 250 கிராம், கொழுப்போடு இருந்தால் நல்லது. தனிச் சதையில் செய்தால் கடிக்கும்போது மரத்தூள் மாதிரி இருக்கும், பிறகு சீனர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இறைச்சியில் முதலில் உப்பை மட்டும் போட்டுப் பிசையுங்கள். தசையில் உள்ள மயோசின் என்ற புரதம் உப்பு நீரில் கரைந்து வெளியே வரும். உதிரியாக இருந்த இறைச்சி இரண்டு மூன்று நிமிடத்தில் பிசுபிசுத்து விரலில் ஒட்டத் தொடங்குவது அதனால்தான். அந்த நேரம் பார்த்து மூன்று மேசைக்கரண்டி தண்ணீரை ஒவ்வொன்றாக விட்டு அடித்தால், இறைச்சி அவ்வளவையும் குடித்துவிடும். அடுப்பில் சூடேறும்போது மயோசின் இறுகிக் களியாகி அந்த நீரை உள்ளேயே பிடித்து வைக்கும். கடித்ததும் சாறு வருவது இதனால்தான். ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும் என்பார்கள். திசையில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம், விடாமல் அடிப்பதுதான் வேலை.

கோவாவுக்கும் உப்புத்தான், ஆனால் நோக்கம் நேர் எதிர். பொடியாக அரிந்து உப்புப் பிரட்டிப் பத்து நிமிடம் வைத்தால் பிரசாரணத்தால், அதாவது உப்புக் கூடிய பக்கத்துக்கு நீர் நகர்வதால், கோவாவிலிருந்து தண்ணீர் கசியும். பிழிந்து ஊற்றிவிட்டுச் சேருங்கள். பிழியாமல் போட்டால் அதே தண்ணீர் தாச்சியில் கசிந்து டம்ப்ளிங் இலையை நனைத்துக் கிழிக்கும். இஞ்சி, உள்ளி, வெங்காயத்தாள், சோயா சோஸ், கொஞ்சம் நல்லெண்ணெய் எல்லாம் அவரவர் கைக்கணக்கு. நம்முடைய வெக்கைக்கு உள்ளீட்டைப் பிரிட்ஜில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது நல்லது. வெளியே கிடந்தால் பக்டீரியாவும் பெருகும், கொழுப்பும் இளகும்.

இனித் தாச்சி. சீனத்தில் இந்தப் பண்டத்துக்குக் குவோத்தியே என்று பெயர், சட்டியில் ஒட்டியது என்று பொருள். அடி பொன்னிறமாக மொறுமொறுக்க வேண்டும், மேல்புறம் அவித்த மாதிரி மிருதுவாக இருக்க வேண்டும், உள்ளே இறைச்சி முழுதாக வேக வேண்டும். மூன்றும் ஒரே பாத்திரத்தில். அரைத்த பன்றி இறைச்சியின் நடுப்பகுதி 71 பாகையைத் தொட்டாக வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. எண்ணெயில் மட்டும் பொரித்தால் நடு வேகுமுன் அடி கரிந்துவிடும்.

எனவே முதலில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் இரண்டு நிமிடம் அடியைச் சிவக்க விட்டு, 100 மில்லிலீற்றர் தண்ணீரை ஊற்றி உடனே மூட வேண்டும். ஊற்றும்போது முகத்தைப் பின்னால் எடுங்கள். தண்ணீர் எண்ணெயைவிடப் பாரமானது, அடிக்குப் போய் நொடியில் ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரிந்து எண்ணெயைத் தூக்கி எறியும். ஒரு கிராம் தண்ணீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர 300 யூலுக்கும் சற்றுக் குறைவான வெப்பம் போதும். அதே கிராமை ஆவியாக்க ஏறக்குறைய 2,260 யூல் வேண்டும். இந்த மறைவெப்பத்தைச் சுமந்துகொண்டு மேலே போகும் ஆவி, டம்ப்ளிங்கின் தோலில் பட்டு மீண்டும் நீராகும்போது அவ்வளவையும் அங்கே இறக்கிவிடும். புட்டு வேகும் அதே வழி. நீத்துப்பெட்டிக்குப் பதில் தாச்சி மூடி.

தண்ணீர் இருக்கும்வரை அடியின் வெப்பநிலை 100 பாகையைப் பெரிதாகத் தாண்டாது. இந்த ஐந்தாறு நிமிடத்தில் வேகுமே தவிரச் சிவக்காது. இறைச்சியையும் ரொட்டியையும் சிவக்க வைத்து அந்த வாசத்தைக் கிளப்புவது, 1912இல் பிரெஞ்சுக்காரர் லூயி கமீல் மையார் விவரித்த தாக்கம். அமினோ அமிலங்களும் வெல்லங்களும் சேர்ந்து நடத்தும் அந்த வேலை 140 பாகை அளவில்தான் சூடு பிடிக்கும். ஆகவே இப்போது மூடியைத் திறந்து மிச்சத் தண்ணீரைப் போக விட வேண்டும்.

அந்த நேரத்தைக் காதால் பிடிக்கலாம். மூடிக்குள் தண்ணீர் நிறைய இருக்கும்போது சளசளவென்று கொதிக்கும். திறந்ததும் கொஞ்ச நேரத்தில் சத்தம் கூர்மையாகிப் படபடவென்று வெடிக்கும், எண்ணெயில் கடைசித் துளிகள் போகின்றன. பிறகு அடங்கி மெல்லிய சிர்ர் மட்டும் கேட்கும். அப்போதிலிருந்துதான் அடி 100 பாகையைத் தாண்டி ஏறும். இன்னும் இரண்டு நிமிடம். அதற்குமுன் தட்டகப்பையை விட்டுக் கிளப்பினால் தோல் தாச்சியோடு நிற்கும், ஈரமான மாவும் புரதமும் உலோகத்தை விடாது. அடி காய்ந்து பொருக்கானால் தானே விடும். தோசை வார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொஞ்சம் துணிச்சல் இருந்தால் வெறும் தண்ணீருக்குப் பதில் 100 மில்லிலீற்றரில் 10 கிராம் கோதுமை மாவைக் கரைத்து ஊற்றுங்கள். தண்ணீர் போனதும் மாப்பொருள் மட்டும் தாச்சியடியில் மெல்லிய வலையாகத் தங்கும். எண்ணெய்க் குமிழி இருந்த இடமெல்லாம் ஓட்டை. யப்பானில் இதைச் சிறகு என்கிறார்கள். ஒரு தட்டைக் கவிழ்த்து மூடி, தாச்சியோடு சேர்த்துத் திருப்பியபோது எல்லாம் ஒரே வட்டமாக வந்தது. அம்மம்மா கரையில் ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டுவிட்டு, "அப்பக்கரை மாதிரிக் கிடக்கு" என்றார். அப்பத்தின் கரையும் அப்படித்தானே வருகிறது. சட்டியைச் சுழற்றும்போது ஓரத்தில் மெல்லிதாகப் படிந்த மா, நடுவுக்கு முன்னமே காய்ந்து மொறுமொறுத்துவிடும்.

இந்த அளவுக்கு முப்பது வரை வரும். மிஞ்சினால் ஒன்றோடொன்று முட்டாமல் தட்டில் பரப்பி, கல்லாக உறைந்த பிறகு பையில் போடுங்கள். பொரிக்கும்போது இளக விட வேண்டாம், இளகினால் கசிந்து இலை ஊறிவிடும். உறைந்தபடியே தாச்சியில் வைத்து, தண்ணீரை இரண்டு மேசைக்கரண்டியும் நேரத்தை மூன்று நிமிடமும் கூட்டினால் போதும்.