670-ஐ முந்திய 405: போக்கிமான் அடுக்குகளின் கணக்கு

போக்கிமான் என்பது கற்பனை உயிரினங்களை மோதவிடும் வீடியோ விளையாட்டு; அந்த உயிரினங்களுக்கும் அதே பெயர். அவற்றில் ஸ்லேக்கிங் ஒரு சோம்பேறிக் குரங்கு. கையோகர் கடலையே பொங்கவைக்கும் திமிங்கிலம். இரண்டும் 2002-இல் அறிமுகமானவை. உயிர், தாக்குதல், தற்காப்பு, வேகம் என்று ஒவ்வொரு போக்கிமானுக்கும் ஆறு அடிப்படைத் திறன் எண்கள் உண்டு. அந்த ஆறையும் கூட்டினால் இந்த இரண்டுக்குமே 670 வருகிறது. ஆனால் கையோகரைச் சாதாரணப் போட்டிகளில் சேர்ப்பதே இல்லை; அவ்வளவு பலம். ஸ்லேக்கிங்கோ, ஆட்டக்காரர்கள் போக்கிமான்களைப் பிரித்துவைக்கும் அடுக்குகளில் கீழே கிடந்து தூங்கி வழிகிறது.

காரணம் அதன் பிறவிக் குணம். ஒரு சுற்றில் அடித்தால் அடுத்த சுற்றில் சும்மா உட்கார்ந்துவிடும். அது அடிக்கும் சுற்றில் எதிரி ‘புரொடெக்ட்’ போட்டுத் தன்னைக் காத்துக்கொள்கிறார். அது கொட்டாவி விடும் சுற்றில் தன் வேலையை முடித்துக்கொள்கிறார்.

நேரெதிர் உதாரணம் வாபஃபெட். கூட்டுத்தொகை வெறும் 405. நேரடியாகத் தாக்க ஒரு வித்தையும் தெரியாது. ஆனால் 2002-க்குப் பிறகு அதற்கு ‘ஷேடோ டேக்’ என்ற பிறவி ஆற்றல் இருக்கிறது. அதன் முன்னால் நிற்கும் போக்கிமானைத் திரும்ப அழைத்துக்கொள்ள முடியாது. அடித்தால் அடி இருமடங்காகத் திரும்பும். அடிக்காமல் பலம் ஏற்றிக்கொள்ளப் பார்த்தால், ‘என்கோர்’ போட்டு அதையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும். அந்த இடைவெளியில் வாபஃபெட்டின் கூட்டாளி நிதானமாகக் களமிறங்கலாம். மூன்றாம், நான்காம் தலைமுறை விளையாட்டுகளில் இந்த நீலப் பொதியைக் கையோகரோடு ஒரே அடுக்கில், ‘ஊபர்ஸ்’ என்ற தடைப்பட்டியலில் வைத்தார்கள்.

வைத்தது விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் அல்ல. 2004-இல் தொடங்கிய ஸ்மோகன் என்ற ரசிகர் சமூகம்தான் இந்த அடுக்குகளைப் பராமரிக்கிறது. ஊபர்ஸுக்குக் கீழே ஓவர்யூஸ்ட், அண்டர்யூஸ்ட், ரேர்லியூஸ்ட், நெவர்யூஸ்ட் என்று இறங்கிக்கொண்டே போகும். ஆட்டக்காரர்கள் ஓயூ, யூயூ, ஆர்யூ, என்யூ என்பார்கள். அதற்கும் கீழே பியூ. அதற்கு விரிவு கிடையாது. நாற்றம் தாங்காமல் மூக்கைப் பிடித்துக்கொள்ளும்போது ஆங்கிலத்தில் எழுப்பும் ஒலி அது.

பெயர்களைக் கவனியுங்கள். பலமானது, பலவீனமானது என்று எந்த அடுக்குக்கும் பெயரில்லை. எத்தனை பேர் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் பெயர். ஓர் அடுக்கில் நிற்பதா, கீழே இறங்குவதா என்று தீர்மானிக்கும் கோடு 4.52 சதவீதத்தில் இருக்கிறது. பார்ப்பதற்கு யாரோ கண்ணை மூடிக்கொண்டு போட்ட எண் போலத் தோன்றும். உண்மையில் அது ஒரு கேள்வியின் விடை: 15 ஆட்டங்கள் ஆடினால், இந்தப் போக்கிமானை ஒருமுறையாவது எதிர்கொள்ளும் வாய்ப்பு சரிபாதியாக இருக்க அது எத்தனை சதவீத அணிகளில் இருக்க வேண்டும்? 4.52 சதவீத அணிகளில் இருந்தால், ஓர் ஆட்டத்தில் அது கண்ணில் படாமல் இருக்கும் வாய்ப்பு 0.9548. அதை 15 முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.5. முன்பு 20 ஆட்டங்களை வைத்துக் கணக்கிட்டார்கள். அப்போது கோடு 3.41-இல் இருந்தது.

எல்லாருடைய அணிக்கும் ஒரே மதிப்பும் இல்லை. தரவரிசைப் புள்ளியில் ஓர் அடிக்கோடு வைத்து, ஓர் ஆட்டக்காரரின் உண்மைத் திறமை அதற்கு மேலே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று பார்க்கிறார்கள். மதிப்பீடு சரியாக அடிக்கோட்டிலேயே நிற்பவரின் அணி அரை அணியாகத்தான் எண்ணப்படும். நேற்று சேர்ந்த சிறுவன் ஆசைக்காகப் பிகாச்சுவைக் கூட்டிவந்தால் கணக்கு பெரிதாக அசையாது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

அக்கம்பக்கம் மாறினால் பயன்பாடும் மாறும். பெலிப்பர் என்ற கூழைக்கடா பல ஆண்டுகள் கீழடுக்கில் கிடந்தது. 2016-இல் வந்த ஏழாம் தலைமுறையில், களத்தில் இறங்கியதுமே மழை பெய்விக்கும் ஆற்றல் அதற்குக் கிடைத்தது. கூட்டுத்தொகை 430-இலிருந்து 440 ஆனது, அவ்வளவுதான். ஆனாலும் ஓயூவுக்கு ஏறிவிட்டது. ‘யூ-டர்ன்’ என்ற வித்தை அடித்துவிட்டுக் கூட்டாளியிடம் களத்தை விட்டுக்கொடுப்பது. பெலிப்பர் மெதுவானது என்பதால் எதிரி முதலில் அடித்துவிடுவார். அந்த அடியைத் தானே வாங்கிக்கொண்டு வெளியேறும். கூட்டாளி ஒரு கீறலும் இல்லாமல் மழைக்குள் வந்து நிற்கும். அதுவரை மழைக்கு நம்பியிருந்த போலிடோட் என்ற தவளையை ஆட்டக்காரர்கள் மெல்லக் கைவிட்டார்கள். தவளையின் 500-இல் ஒன்றுகூடக் குறையவில்லை. யூ-டர்ன் மட்டும் அதற்குத் தெரியாது.

ஆக, கீழ்நோக்கி இறங்குவது எண்ணிக்கையால். மேலே தடைப்பட்டியலுக்குப் போவது வேறு வழி: சந்தேகத்துக்குரிய போக்கிமானைப் பற்றி, தரவரிசை ஏணியில் குறிப்பிட்ட உயரம் தொட்ட ஆட்டக்காரர்கள் மட்டும் வாக்களிப்பார்கள். ஓயூவில் தடைக்கு 60 சதவீதம் வேண்டும். சில நேரம் போக்கிமானை விட்டுவிட்டு ஆற்றலையே தடைசெய்வதும் உண்டு. ஆறாம் தலைமுறை ஓயூவில் ஷேடோ டேக்குக்கு அதுதான் நடந்தது.

இந்த இரண்டு வழிகளும் மோதிக்கொள்ளும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. ஓயூவில் ஒரு போக்கிமானை யாரும் சீண்டுவதில்லை என்று வையுங்கள். எண்ணிக்கைப்படி அது யூயூவுக்கு இறங்குகிறது. அங்கே புகுந்ததும் கோழிக்கூட்டில் கீரி புகுந்த கதைதான், உடனே தடை. அப்படிப்பட்டவற்றுக்கு ‘யூயூபிஎல்’ என்று இடையில் ஒரு பரண் வைத்திருக்கிறார்கள். ஓயூவில் ஆட அனுமதி உண்டு, ஆனால் கூப்பிட ஆளில்லை. யூயூவில் கூப்பிட ஆளுண்டு, அனுமதி இல்லை. அடுத்த கணக்கெடுப்பில் நூற்றில் ஐந்து ஓயூ அணிகள் அதைச் சேர்த்துக்கொண்டால் போதும், வாக்கெடுப்பு ஏதுமில்லாமல் பரணிலிருந்து மேலே போய்விடும்.