ஒரு தாய் வயிற்று அக்கா தங்கைக்கு ஏன் இரண்டு குணம்?

பாலக்கோடு பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளில், புழு கடைசிப் பருவத்துக்கு வந்துவிட்டால் பிள்ளைகளுக்கும் ஓய்வில்லை. அக்கா மல்பெரிக் கிளையை ஒவ்வொன்றாக எடுத்து, இலையில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் பரப்புவாள். தங்கை அதற்குள் தன் பங்கை அள்ளிப் போட்டுவிட்டு, ஒரு புழுவை உள்ளங்கையில் ஊரவிட்டுக்கொண்டிருப்பாள். "ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே களியைத் தின்று வளர்ந்த பிள்ளைகளா இவர்கள்?" என்று பாட்டி வியப்பாள். மரபியல் இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாகத் துருவி வருகிறது.

முதலில் வயிறு. தாயிடம், மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் 23 ஜோடி உண்டு. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுதான் கருமுட்டைக்குள் போகும். எது போகும் என்பதில் மட்டும் 83,88,608 வாய்ப்புகள். தந்தையின் விந்தணுவிலும் அதே கணக்கு. பிரிவதற்கு முன் ஜோடிகள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதையும் சேர்த்தால் எண்ணி மாளாது. அதனால் உடன்பிறந்தவர்களிடம், ஆளுக்கு ஆள் வேறுபடும் மரபணுக்களில் சராசரியாகப் பாதிதான் பொது. அக்கா தங்கைக்கு ஒரு தனிச் சொந்தமும் உண்டு: தந்தையிடம் இருப்பது ஒரே எக்ஸ் குரோமோசோம் என்பதால், மகள்கள் எல்லோருக்கும் அதுவே வந்து சேர்கிறது.

குணத்தின் வித்து கைக்குழந்தையிலேயே தெரிகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஜெரோம் கேகன், நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய பொம்மைகளைக் காட்டி, புதிய குரல்களைக் கேட்கவைத்தார். ஏறக்குறைய 20 சதவீதக் குழந்தைகள் கைகாலை உதறி அழுதன. 40 சதவீதம் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தன. முதல் வகையினர் வளர்ந்தபோது கூச்சமும் எச்சரிக்கையும் மிகுந்தவர்களாக இருக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.

அடுத்தது களி, அதாவது வீடு. இங்கேதான் எனக்குப் பெரிய வியப்பு. இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் ஆராய்ந்தவர்கள், குண வேறுபாட்டில் ஏறத்தாழ பாதிக்கு மரபணுவே காரணம் என்கிறார்கள். மீதிப் பாதியில், ஒரே வீட்டில் வளர்வதால் வரும் ஒற்றுமை மிகச் சொற்பம். 1987இல் ஆய்வாளர்கள் ராபர்ட் பிளோமினும் டெனிஸ் டேனியல்ஸும் இதை விரிவாக எழுதினார்கள். வளர்ப்பு வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இருவருக்கும் அந்த வீடு வேறு வேறாக அமைகிறது. தக்காளி விலை விழுந்து, பறிக்காமலே தோட்டத்தில் விட்ட வருடத்தில் அக்காவுக்குப் பத்து வயது. கடன் பேச்சு அவளுக்குப் புரியும். நான்கு வயதுத் தங்கைக்கு அது பழம் எறிந்து விளையாடிய காலம். பிள்ளையின் சுபாவமும் பெரியவர்களை மாற்றுகிறது. பொறுமையானவளிடம் சாவியைக் கொடுப்பார்கள், துறுதுறுப்பானவளைக் கடைக்கு அனுப்புவார்கள். சிறு வேறுபாடு இப்படித்தான் வருடா வருடம் பெரிதாகிறது.

மூத்தவள் என்றாலே பொறுப்பு, இளையவள் என்றாலே துடுக்கு என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் வலுவாக இல்லை. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியில் 20,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வில், பிறந்த வரிசையால் பிறரோடு கலகலப்பாகப் பழகும் இயல்போ பொறுப்புணர்வோ கூடவோ குறையவோ இல்லை. வீட்டில் அக்கா சுமப்பது அவளுக்குத் தரப்பட்ட வேலை; அதை அவளுடைய பிறவிக் குணமாக எண்ணித்தான் பல வீடுகளில் எல்லாச் சுமையையும் அவள் தலையிலேயே ஏற்றிவிடுகிறார்கள்.