புதுப் போனில் சார்ஜ் நிற்கவில்லையா? பற்றரியில் கை வைக்காதீர்கள்

"அண்ணை, கனடாவில இருந்து மாமா அனுப்பின போன். அங்க ஒரு நாள் முழுக்க சார்ஜ் நின்டதாம். இங்க மத்தியானத்தோட படுத்திடுது. பற்றரியை மாத்தித் தாங்கோ."

கிளிநொச்சியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிற எனக்கு இது பழகிப்போன முறைப்பாடு. லட்சக்கணக்கில் விலை போகிற போன் பின்னேரத்துக்கு முன்னமே அணைந்தால் வயிறெரியத்தான் செய்யும். ஆனால் இப்படி வருகிற புதுப் போன்களில் பெரும்பாலானவற்றுக்குப் பற்றரியில் ஒரு குறையும் இல்லை.

நான் முதலில் கேட்பது, எங்கே இருக்கிறீர்கள் என்பதைத்தான். ஏ9 வீதி ஓரமாக, டவுனுக்குள் இருக்கிறவர்கள் இதற்காக வருவது குறைவு. முத்தையன்கட்டு, துணுக்காய்க்கு உள்ளே, ஒட்டுசுட்டான் காட்டோரம் என்று சொல்பவர்கள்தான் அதிகம். காரணம் சிக்னல். டவர் கிட்ட இருந்தால் போன் மிகக் குறைந்த வலுவில் பேசும். தூரம் கூடக்கூட, நடுவில் மரங்கள் அடர அடர, அது தன் வலுவைக் கூட்டிக்கொண்டே போகும். சாதாரண 4ஜி போன் ஆகக்கூடியது சுமார் 200 மில்லிவாட் வரை அனுப்பும்; அந்த உச்சத்திலேயே நாள் முழுக்க நின்றால் 5000 எம்ஏஎச் கொள்ளளவுள்ள பற்றரியும் தாக்குப்பிடிக்காது. சிக்னல் அடியோடு இல்லாத இடத்திலும் போன் சும்மா இருக்காது, திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டே இருக்கும். வன்னியில் பலர் ஒரு கம்பனியின் சிக்னல் எடுக்காவிட்டால் மற்றது எடுக்கட்டும் என்று இரண்டு சிம் போடுகிறோம். அப்போது தேடலும் இரண்டு மடங்கு.

செற்றிங்ஸில் பற்றரிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பல போன்களில் யூடியூப்பையும் வட்ஸ்அப்பையும் தாண்டி மொபைல் நெட்வேர்க் மேலே நிற்கும். அப்படியென்றால் நெட்வேர்க் தெரிவை 5ஜி தானியங்கியில் இருந்து 4ஜிக்கு மாற்றுங்கள், எடுக்காத சிம்மை அணைத்து வையுங்கள், வீட்டில் ரவுட்டர் இருந்தால் வைஃபையில் இருங்கள். வயலில் சிக்னலே இல்லாத நேரம் விமான நிலையில் (எயர்பிளேன் மோட்) போடுங்கள். இவ்வளவும் இலவசம்.

வெயிலும் சும்மா விடாது. பெரிய கம்பனிகள் தங்கள் போன்களுக்குச் சொல்கிற சூழல் வெப்பநிலை 0 முதல் 35 பாகை வரைதான். எங்கள் ஆடி, ஆவணி வெயிலில் மோட்டார் சைக்கிள் கைபிடியில் மாட்டி, வழிக்கு மப் (வரைபடம்) பார்த்துக்கொண்டு போகிற போன் அதை எப்போதோ தாண்டிவிடும். வெளிச்சம் காணாமல் திரையும் உச்சத்தில் எரியும். அன்றைக்குச் சார்ஜ் குறைவது ஒரு பக்கம். லிதியம் அயன் பற்றரி சூட்டில் இழக்கிற கொள்ளளவு திரும்பி வராது. சட்டைப் பைக்குள் போடுங்கள். சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள், முதலில் ஆறட்டும்.

புதுப் போன் முதல் சில நாட்கள் பழைய படங்களை அடுக்கும், அப்களை இறக்கும். டேட்டா மெதுவான இடத்தில் அது இன்னும் இழுக்கும். ஒரு கிழமை பொறுங்கள்.

பற்றரியில்தான் பிழையா என்று சந்தேகமென்றால் ஒரு சோதனை. படுக்கப் போகும்போது நூறு வீதத்தில் விமான நிலையில் போட்டு, வைஃபையையும் அணைத்துவிட்டு, காலையில் பாருங்கள். இரண்டு மூன்று வீதம் குறைந்திருந்தால் பற்றரி நல்ல நிலையில் இருக்கிறது. பதினைந்து, இருபது என்று இறங்கியிருந்தால் ஏதாவது அப் இழுக்கிறது, அல்லது உண்மையிலேயே பழுது.

சரி, பழுதென்றே வைப்போம். அப்போதும் "ஒரிஜினல் பற்றரி இருக்கு, அரை மணித்தியாலத்தில் மாத்தலாம்" என்று சொல்கிறவரிடம் புதுப் போனைக் கொடுக்காதீர்கள். பின்மூடியைச் சூடாக்கிக் கழற்றினால் தண்ணீர் புகாமல் காக்கிற பசை போய்விடும், உத்தரவாதமும் போகலாம். போலிப் பற்றரிகளின் மேல் அச்சடித்த எம்ஏஎச் கணக்கை நம்பவே முடியாது. பின்மூடி மேலெழும்பி நின்றால் மட்டும் தாமதிக்க வேண்டாம்: அது பற்றரி வீக்கம், சார்ஜ் போடாமல் அணைத்துவிட்டு உடனே கொண்டுவாருங்கள். மற்றபடி முதலில் உத்தரவாதத்தைக் கேளுங்கள். வெளிநாட்டுப் போனென்றால் பில், போனை வாங்கி அனுப்பியவரிடம்தான் இருக்கும். போன் கைக்கு வந்த அன்றே அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.