தொர்த்தியா: ‘சோளச் சப்பாத்தி’ என்று எழுதுவது ஏன் பிழை?

மெக்சிகோ உணவைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், அந்நாட்டின் மெல்லிய வட்டத் தட்டையான தொர்த்தியாவைச் ‘சோளச் சப்பாத்தி’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. சமையற்குறிப்புகளில் அப்படித்தான் இருக்கிறது; பயணக் கட்டுரைகளில் இருக்கிறது; திரைப்படங்களுக்கு அடியில் ஓடும் வசன மொழிபெயர்ப்பிலும் இருக்கிறது. படிப்பவருக்கு எளிதில் விளங்க வேண்டும் என்ற நல்லெண்ணமே இதற்குக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் தொடரின் இரண்டு பாதிகளும் தவறானவை. ‘சோளம்’ என்பதும் தவறு, ‘சப்பாத்தி’ என்பதும் தவறு. இரண்டும் சேர்ந்து, அந்த உணவை அந்த உணவாக்குகிற ஒன்றை அடியோடு மறைத்துவிடுகின்றன.

சில ஆண்டுகள் மெக்சிகோ நகரில் வாழ்ந்து, பிறகு நெடுங்காலம் வட ஐரோப்பாவில் இருந்துவிட்டு, இப்போது மீண்டும் அந்நகரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். ஐரோப்பாவின் கடைகளில் தொர்த்தியா என்ற பெயரோடு நெகிழித்தாளில் அடைத்து விற்கப்படுவது பெரும்பாலும் கோதுமை மாவில் செய்த வெள்ளைத் தட்டையே. அதற்கு மணம் இல்லை. உள்ளே வைக்கும் பொருளைத் தாங்கிப் பிடிப்பதைத் தவிர அதற்கு வேறு வேலையும் இல்லை. இங்கே தெருவுக்குத் தெரு இருக்கும் தொர்த்தியா கடையில் இயந்திரத்திலிருந்து ஆவி பறக்க வந்து விழுவதைக் கிலோக் கணக்கில் நிறுத்து, காகிதத்தில் சுற்றித் தருகிறார்கள். வாங்கியவர்கள் வீட்டுக்குப் போகும்வரை பொறுப்பதில்லை. ஒன்றை எடுத்து உப்புத் தூவிச் சுருட்டி நடந்துகொண்டே தின்கிறார்கள். நானும் அப்படியே தின்றேன். சந்தை ஓரத்தில் தணலின் மேல் கொமால் என்னும் தட்டைக்கல்லை ஏற்றி, நீலநிற மக்காச்சோள மாவுக்குள் அவரை விழுதை அடைத்துத் தட்டி, மேலே நம் சப்பாத்திக்கள்ளியின் மடலை நறுக்கிப் போட்டுத் தரும் பெண்மணியிடம் த்லகோயோ வாங்கி உண்டேன். இவை எல்லாவற்றிலும் ஒரே மணம் இருந்தது. புதிதாக வெள்ளையடித்த சுவரில் தண்ணீர் பட்டால் எழுமே, அதற்கு நெருங்கிய மணம். அது சுண்ணாம்பின் மணம். ஐரோப்பாவில் இத்தனை ஆண்டுகள் எனக்குக் கிடைக்காமல் இருந்தது அதுதான். ‘சோளச் சப்பாத்தி’ என்ற தொடரில் இல்லாமல் போவதும் அதுவேதான்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்பானிய மொழியில் ‘தொர்த்தா’ என்பது வட்டமான அப்ப வகை. அதன் சிறுமைப் பெயர் ‘தொர்த்தியா’. ஸ்பெயினில் இன்றும் அச்சொல் முட்டையையும் உருளைக்கிழங்கையும் சேர்த்துப் பொரிக்கும் தடித்த ஆம்லெட்டையே குறிக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவுக்கு வந்த ஸ்பானியர்கள் அங்கே கண்ட உணவின் வடிவத்தை மட்டும் பார்த்துத் தங்கள் ஊர்ப் பெயரைச் சூட்டினர். அந்நாட்டின் நஹுவாத் மொழியில் அதன் பெயர் ‘த்லாஷ்கல்லி’, அதாவது சுடப்பட்டது. த்லாஷ்கலா என்ற மாநிலத்தின் பெயரிலும் அச்சொல்லே இருக்கிறது. மாவுக்கு ஆதாரமான பதப்படுத்திய மணிக்கு ‘நிஷ்தமல்’ என்று பெயர். அது ‘நெஷ்த்லி’, ‘தமல்லி’ என்ற இரண்டு நஹுவாத் சொற்களின் சேர்க்கை. முன்னது சாம்பல், பின்னது வேகவைத்த மாவுப் பண்டம். ‘நிஷ்தமல்’ என்ற இந்தச் சொல்லுக்குத்தான் தமிழில் இடமில்லாமல் போயிருக்கிறது.

முதலில் ‘சோளம்’. தமிழில் அடைமொழி இல்லாமல் சோளம் என்றால் அது ஆப்பிரிக்காவில் தோன்றிப் பழங்காலத்திலேயே இந்தியாவுக்கு வந்து, நம் மானாவாரி நிலங்களில் விளைகிற தானியம். வெள்ளைச்சோளம், செஞ்சோளம் என்று நாம் சொல்வதெல்லாம் அதன் வகைகள். மெக்சிகோவின் தானியமோ முற்றிலும் வேறு செடி. அந்நாட்டின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் காட்டுப்புல் ஒன்றிலிருந்து மனிதர்கள் வளர்த்தெடுத்தது. கொலம்பஸ் 1492இல் கடல் கடந்த பிறகே அது அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி வெளியே போயிற்று. வெளியிலிருந்து வந்தது என்பதைக் காட்டவே ‘மக்கா’ என்ற முன்னொட்டு அதற்கு வாய்த்தது. அந்த முன்னொட்டை வெட்டிவிட்டுச் ‘சோளச் சப்பாத்தி’ என்று எழுதினால், விவரம் அறிந்த தமிழர் வட கர்நாடகத்தின் சோள ரொட்டியைத்தான் நினைப்பார். அது தன்னளவில் சிறந்த உணவு. ஆனால் வேறு தானியம், வேறு செய்முறை, வேறு நாடு.

சரி, ‘மக்காச்சோளச் சப்பாத்தி’ என்றால் போதாதா என்று கேட்கலாம். போதாது. சப்பாத்தி என்பது கோதுமை உணவு. கோதுமையில் உள்ள பசைப்புரதம் மாவை இழுபடச் செய்கிறது. அதனால்தான் அதைக் குழவியால் மெல்லியதாகத் தேய்க்க முடிகிறது. மக்காச்சோளத்தில் அந்தப் புரதம் இல்லை. மக்காச்சோளத்தை வெறுமனே அரைத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் மாவு உதிரும். பஞ்சாபில் அந்த மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து கையால் தட்டித்தான் ரொட்டி சுடுகிறார்கள். சுட்ட பின்னும் அது மடங்காது, விண்டு விழும். மெக்சிகோவின் தொர்த்தியா மடங்கும், சுருட்டினாலும் கிழியாது, குழம்பில் தோய்த்தாலும் சற்று நேரம் தாங்கும். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லாத எந்தப் பெயரும் அரைகுறையானதே.

அது சுண்ணாம்பிலிருந்து வருகிறது. முற்றிய மணிகளை, எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் நீற்றின சுண்ணாம்பு கரைத்த தண்ணீரில் கொதிக்கவிட்டு, இரவு முழுவதும் அதிலேயே ஊறவைக்கிறார்கள். மறுநாள் அந்த மஞ்சள் நீரை வடித்துக் கொட்டி, மணிகளைக் கையால் தேய்த்துக் கழுவினால் மேல்தோல் கழன்று வருகிறது. பிறகு ஈரமாகவே அரைக்கிறார்கள். பழங்காலத்தில் மெத்தாத்தே என்னும் சாய்கல்லில் குழவியால் அரைத்தார்கள். சுண்ணாம்பு தோலின் நாரைக் கரைத்து, மாவுச்சத்தை ஓரளவு இளகவைத்துப் பிடிப்புக் கொடுக்கிறது; மணியில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற உயிர்ச்சத்தை உடல் ஏற்கும்படி விடுவிக்கிறது; கால்சியத்தையும் சேர்க்கிறது. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் இந்த முறைக்கு 3,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயது உண்டு.

இதை வெறும் சமையல் நுணுக்கம் என்று ஒதுக்குகிறவர்கள் ஐரோப்பாவில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பியர் தானியத்தை எடுத்துக்கொண்டனர், சுண்ணாம்பை விட்டுவிட்டனர். மக்காச்சோளத்தையே பெரும்பாலும் உண்டு வாழ்ந்த ஏழைகளின் தோல் வெடித்தது, வயிறு கெட்டது, புத்தி பேதலித்தது. 1735இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் கஸ்பார் கசால் என்ற மருத்துவர் இந்நோயைக் கண்டு எழுதினார்; இத்தாலியில் அதற்குப் பெலக்ரா என்ற பெயர் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அது ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. தொற்றுநோய் அன்று, உணவுக் குறையே காரணம் என்று ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற அமெரிக்க மருத்துவர் வாதாடி நிறுவ வேண்டியிருந்தது. அந்தக் குறை நியாசின் என்பது 1937இல்தான் தெளிவாயிற்று. மெக்சிகோவின் கிராமத்துப் பெண்கள் நாள்தோறும் பானையில் செய்துவந்த வேலையைப் பொருட்படுத்தாமல் பொருளை மட்டும் கொண்டுபோனதன் விளைவு இது.

இனி மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள மிகப் பெரிய மனக்குறைக்கு வருகிறேன். நம்மவர்கள் மெக்சிகோவை ஸ்பானிய மொழி வழியாக அறிவதில்லை. ஆங்கிலம் வழியாக அறிகிறார்கள். ஆங்கிலத்தில் சுண்ணாம்புக்கும் எலுமிச்சை வகைக்கும் ‘லைம்’ என்ற ஒரே சொல்தான். அதன் பயனாக, ‘மக்காச்சோளத்தை எலுமிச்சை நீரில் வேகவைத்து இரவு முழுவதும் ஊறவைக்கவும்’ என்று தமிழில் அச்சாகிறது. ஒன்று காரம், மற்றது அமிலம். ஒன்றின் வேலைக்கு நேர் எதிரான வேலை மற்றதனுடையது. அந்தக் குறிப்பின்படி செய்பவருக்குத் தோல் கழலாது, மாவு சேராது, தானியம் வீணாகும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிப் பழகிய ஒரு மக்களின் மொழியில் சுண்ணாம்பு எலுமிச்சையாக மாறுவதைப் பொறுத்துக்கொள்ள என்னால் இயலவில்லை. அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்து வைப்பது மொழிபெயர்ப்பு ஆகாது. பானையில் என்ன நடக்கிறது என்று கேட்டறிந்த பிறகே சொல்லைத் தேட வேண்டும்.

இன்னும் கற்றவர்கள் அந்தப் பதப்படுத்தலைக் ‘காரமாக்கல்’ என்றும், அவ்வாறு பதப்பட்ட மணியைக் ‘காரமாக்கிய சோளம்’ என்றும் எழுதுகிறார்கள். பள்ளி வேதியியல் நூலில் அமிலத்துக்கு எதிரானது காரம் என்பது உண்மை. ஆனால் அடுக்களையில் காரம் என்றால் மிளகாய். மிளகாயின் தாயகமான மெக்சிகோவைப் பற்றிய பேச்சில் ‘காரமாக்கிய சோளம்’ என்று ஒருவர் எழுதினால், மிளகாய்த்தூள் தூவிய கதிரைத் தவிர வேறொன்றும் வாசகர் மனத்தில் தோன்றாது. கலைச்சொல் தன் துறைக்குள் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அது புழங்கப்போகும் இடத்தில் வேறொரு பொருள் ஏற்கெனவே குடியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ‘சப்பாத்தி’யையும் ‘ரொட்டி’யையும் தூய தமிழ் ஆர்வலர்களே பரிந்துரைப்பதும் எனக்கு வியப்பளிக்கிறது. அவ்விரண்டும் தமிழுக்கு வடக்கிலிருந்து வந்த சொற்கள். ஓர் அயற்சொல்லை நீக்கி வேறோர் அயற்சொல்லை வைப்பதால் தமிழுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை, பொருள்தான் கெடுகிறது.

நான் முன்வைக்கும் சொல் ‘நீற்றடை’. நீறு என்பதற்குச் சாம்பல் என்றும் பொருள், சுண்ணாம்பு என்றும் பொருள். சுட்ட சுண்ணாம்பில் நீர் தெளித்துப் பொடியாக்குவதை நீற்றுதல் என்கிறோம். திருநாவுக்கரசரை இட்டதாகப் பெரியபுராணம் கூறும் நீற்றறை சுண்ணாம்புக் காளவாயே. நஹுவாத் மொழியின் ‘நெஷ்த்லி’யும் சாம்பலைக் குறிப்பது, மரச்சாம்பலைக் கரைத்தும் மெக்சிகோவில் இந்தப் பதம் செய்வதுண்டு. சாம்பல், சுண்ணாம்பு என்ற இரண்டு பொருளையும் ஒரே சொல்லில் ஏந்தி நிற்கும் ‘நீறு’ நம்மிடம் இருக்க, வேறு எங்கும் போய்த் தேட வேண்டியதில்லை. பதப்பட்ட மணி நீற்றுமணி. அதன் மாவு நீற்றுமாவு. அதில் சுட்டது நீற்றடை. அடை என்றால் பருப்பு சேர்ந்தது என்று இன்றைய சென்னையில் நினைக்கலாம். ஆனால் அச்சொல்லின் பரப்பு அதைவிடப் பெரியது. தேனடையைப் போன்ற ‘மெல்லடை’ மதுரைக்காஞ்சியிலேயே மதுரைக் கடைத்தெருவில் விற்கப்படுகிறது. நீறு என்றவுடன் திருநீறு நினைவுக்கு வருமே என்பது இதற்கு எழக்கூடிய நேர்மையான தடை. நீற்றறை என்ற சொல்லில் அந்த மயக்கம் நேரவில்லை. பழகினால் நீற்றடையிலும் நேராது.

இதனால் ‘தொர்த்தியா’ என்ற பெயரை விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாட்டார் தம் உணவை அழைக்கும் பெயரை அப்படியே சொல்வது மரியாதை. நீற்றடை அதை விளக்கும் சொல்லாக உடன் நிற்கட்டும். ஆனால் எழுதுவதை ஒழுங்காக எழுத வேண்டும். ‘டார்ட்டில்லா’, ‘டோர்டில்லா’ என்பவை ஆங்கில எழுத்தைக் கண்ணால் படித்து எழுதியவை. ஸ்பானிய மொழியின் தகரம் நம் தகரத்தைப் போலவே பல்லில் நா தொட்டுப் பிறப்பது. இரட்டை லகரம் மெக்சிகோவில் யகரமாக ஒலிக்கும். டகரம் சொல்லுக்கு முதலில் வராது என்ற தொல்காப்பிய விதியும் ‘தொர்த்தியா’வில் காக்கப்படுகிறது. ஸ்பானிய ஒலியும் தமிழ் இலக்கணமும் ஒத்துப்போகும் இடத்தில் ஆங்கிலத்துக்காக இரண்டையும் மீறுவதற்குக் காரணமே இல்லை. அதே முறையில் ‘தாக்கோ’ என்று எழுத வேண்டும், ‘டாக்கோ’ அன்று.

வடக்கே சொனோரா போன்ற மாநிலங்களில் கோதுமை மாவில் பன்றிக்கொழுப்புச் சேர்த்துச் செய்வதும் தொர்த்தியாவே. அதில் சுண்ணாம்புக்கு வேலையில்லை. அதைக் ‘கோதுமைத் தொர்த்தியா’ என்றே எழுதலாம். ‘நீற்றடை’ என்ற சொல் அதற்குப் பொருந்தாது. தாக்கோவுக்குத் தமிழ்ச் சொல் தேடுவதையும் நான் ஏற்கவில்லை. அது தனியொரு பண்டத்தின் பெயர் அன்று. தொர்த்தியாவில் எதை வைத்து மடித்து உண்டாலும் அது தாக்கோதான், உப்பு மட்டும் தூவிச் சுருட்டியதும் உட்பட.