எத்தனை பேருக்கு ஒரு முதல்தரப் பல்கலைக்கழகம்?

ஷாங்காய் பட்டியல் என்று பரவலாக அழைக்கப்படும் உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையில், 2024ஆம் ஆண்டின் முதல் 100 இடங்களில் அமெரிக்காவுக்கு 38, சீனாவுக்கு 14, பிரிட்டனுக்கு 8, சுவிட்சர்லாந்துக்கு 5. அமெரிக்காவுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

இப்போது மக்கள்தொகையைக் கொண்டுவருவோம். அமெரிக்காவில் சுமார் 34 கோடிப் பேர். 38ஆல் வகுத்தால், ஏறத்தாழ 90 லட்சம் பேருக்கு ஒரு பல்கலைக்கழகம். பிரிட்டனின் 6.9 கோடியை எட்டால் வகுத்தால் 86 லட்சம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! 38, 8 என்று மிரட்டியது பெரும்பாலும் தலைக்கணக்கு. சீனாவில் 10 கோடிப் பேருக்கு ஒன்று. மடுவாகத் தெரிந்த சுவிட்சர்லாந்தில் 18 லட்சம் பேருக்கு ஒன்று.

சரி, சுவிட்சர்லாந்துக்கே மாலையைப் போட்டுவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். அந்த ஐந்தில் ஒன்று அடுத்த ஆண்டு 101ஆம் இடத்துக்கு வழுக்கினால் 18 லட்சம் என்பது 22.5 லட்சமாகிவிடும். அமெரிக்கா ஒன்றை இழந்தாலோ 90 லட்சம் 92 லட்சமாகும், அவ்வளவுதான். சின்ன எண்ணிக்கையால் வகுக்கும்போது ஒரே ஒரு நிறுவனத்தின் ஏற்ற இறக்கம் நாட்டையே ஆட்டிவிடும். இப்படி இத்தனை பேருக்கு ஒன்று என்று பார்க்கும் அடர்த்திப் பட்டியல்களின் உச்சியில் சிறிய நாடுகளாகவே வந்து உட்கார்வதற்கு இதுவும் ஒரு காரணம். பூஜ்யம் இன்னும் மோசம். அந்த 100க்குள் இந்தியாவுக்கும் இடமில்லை, சுமார் நான்கு லட்சம் பேர் வாழும் ஐஸ்லாந்துக்கும் இடமில்லை. பூஜ்யத்தை எதால் வகுத்தால் என்ன, இரண்டு நாடுகளும் ஒரே வரிசையில் நிற்கும்.

100ஆம் இடத்தில் கோடு போடுவதே ஒரு வசதிக்குத்தான். ஷாங்காய் பட்டியலில் ஹார்வர்டுக்கு 100 மதிப்பெண், அடுத்த இடத்துக்கு எழுபதுகளில். அப்புறம் சரிவு வேகமாக இறங்கி, நூறாவது இடத்துக்கு வரும்போது இருபதுகளின் நடுவே படுத்துவிடுகிறது. அங்கே அக்கம்பக்கத்து மதிப்பெண்களுக்குள் மயிரிழை வித்தியாசம்தான். பட்டியல் போடுபவர்களே 100க்குப் பிறகு தனி இடம் கொடுப்பதில்லை. 101-150 என்று மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். அந்த மூட்டைக்குள் எத்தனை பேர் வாசற்படியில் நிற்கிறார்கள் என்பது அடர்த்திக் கணக்கில் தெரியவே தெரியாது.

எந்தப் பட்டியல் என்பதும் முக்கியம். ஷாங்காய்க்காரர்கள் நோபல் பரிசையும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கத்தையும் எண்ணுகிறார்கள். அங்கே படித்து வென்றவர்களுக்கு 10 சதவீதம், அங்கே பணியாற்றி வென்றவர்களுக்கு 20 சதவீதம். கியூ.எஸ். என்ற பிரிட்டன் நிறுவனத்தின் தரவரிசையோ உலகெங்கும் உள்ள பேராசிரியர்களிடமும் வேலை தருபவர்களிடமும் கருத்துக் கேட்கிறது, வெளிநாட்டு மாணவர் விகிதத்தையும் பார்க்கிறது. விளைவு: கியூ.எஸ். 2025 பட்டியலின் முதல் 100இல் ஆஸ்திரேலியாவுக்கு ஒன்பது இடங்கள். ஷாங்காயில் அதில் பாதிக்குச் சற்று மேல்.

ஜெர்மனிக்கு வேறு சிக்கல். 2021இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பெஞ்சமின் லிஸ்ட், மாக்ஸ் பிளாங்க் கழகத்தின் நிலக்கரி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர். அந்தக் கழகம் பல்கலைக்கழகம் அல்ல, ஆகவே பட்டியலுக்குள் வராது. ஆய்வின் கணிசமான பங்கைப் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே தனி ஆய்வு நிறுவனங்களில் வைத்திருக்கும் நாடு, பல்கலைக்கழகங்களை மட்டும் எண்ணும்போது இளைத்துத்தான் தெரியும்.

பிரான்ஸ் இந்தக் கணக்கைச் சட்டென்று பிடித்துக்கொண்டது. 2019இல் அதன் பாரிஸ்-சூத் பல்கலைக்கழகம் ஷாங்காய் பட்டியலில் 37ஆம் இடம். அதையும் சுற்றியிருந்த உயர்கல்வி நிறுவனங்களையும் இணைத்து உருவான பாரிஸ்-சாக்லே, அடுத்த ஆண்டே 14ஆம் இடத்தில் வந்து இறங்கியது. நேற்று இருந்த அதே பேராசிரியர்கள், அதே ஆய்வகங்கள்; மாறியது பெயர்ப்பலகை. குறை சொல்லவில்லை. மொத்த வெளியீட்டை எண்ணும் பட்டியலில் ஒன்றுசேர்வது நல்ல உத்தி. ஆனால் அடர்த்திக்கு அது இருபக்கமும் வெட்டும் கத்தி: வெளியே நிற்கும் இரண்டைச் சேர்த்து ஒன்றை உள்ளே கொண்டுவரலாம், உள்ளே இருக்கும் இரண்டைச் சேர்த்தால் ஒன்று குறையும்.

இதுவரை ஆளைக்கொண்டு வகுத்தோம். நிலத்தைக்கொண்டு வகுத்தால் காட்சியே வேறு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் கெண்டால் நிலையத்தில் ரெட் லைன் ரயில் ஏறினால் அங்கே எம்.ஐ.டி. அடுத்தது சென்ட்ரல், அதற்கடுத்தது ஹார்வர்டு. இரண்டே நிறுத்தங்களில் உலகின் இரு முன்னணிப் பல்கலைக்கழகங்கள். அதே அமெரிக்காவில் வயோமிங் மாநிலம் முழுக்க அலைந்தாலும் முதல் 100க்குள் உள்ள ஒன்றுகூடக் கிடைக்காது. நாட்டின் சராசரி இந்த இரண்டையும் கலந்து, எங்குமே இல்லாத ஓர் இடத்தைக் காட்டுகிறது.

மாநிலம் மாநிலமாகப் பிரித்தால் தீர்ந்ததா என்றால், எல்லைக்கோடே தகராறு செய்யும் இடங்கள் உண்டு. சுவிட்சர்லாந்தின் அந்த ஐந்தில் ஒன்று பாசெல் பல்கலைக்கழகம். அந்த நகரம் பிரான்சும் ஜெர்மனியும் வந்து முட்டும் மூலையில் இருக்கிறது. மூன்றாம் எண் டிராம் பிரான்சின் சேன் லூயிக்கும், எட்டாம் எண் டிராம் ஜெர்மனியின் வைல் நகருக்கும் போகிறது. பல்லாயிரம் பேர் எல்லைக்கு அப்பால் குடியிருந்து பாசெலுக்கு வந்து வேலை பார்க்கிறார்கள். நாம் மேலே போட்ட 18 லட்சம் கணக்கில் அவர்களில் ஒருவர்கூட இல்லை.