செருக்கறுத்தல்: டார்சிக்கு நடந்தது ‘கர்வபங்கம்’ அல்ல

ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலைத் தமிழில் பேச வந்தாலே அதன் செருக்குள்ள நாயகன் டார்சிக்குக் ‘கர்வபங்கம்’ ஆகிவிடுகிறது. யூடியூப் கதைச்சுருக்கத்திலும் அதுதான், கோவை வாசகர் கூட்டத்திலும் அதுதான்.

கர்வம் வடசொல்; பங்கம் என்றால் முறிவு. செருக்கு தமிழ்; மதுமயக்கத்துக்கும் செல்வக் களிப்புக்கும் பழைய நூல்கள் அதையே ஆளும். ஆங்கிலப் ‘பிரைட்’ பெருமிதம், செருக்கு இரண்டையும் ஒரே பையில் போடுகிறது. வள்ளுவர் போடவில்லை: ‘செருக்கும் சினமும் சிறுமையும் இல்லார் பெருக்கம் பெருமித நீர்த்து’ (குறள் 431).

கர்வபங்கத்துக்கு முறிக்கிறவர் ஒருவர் வேண்டும், பார்க்க நாலு பேர் வேண்டும். கருடனின் கர்வத்தைக் கண்ணன் அடக்கும் கதைகளில் எல்லாம் முன்கூட்டியே போட்ட திட்டம். டார்சி காதலிக்கும் எலிசபெத்திடம் திட்டம் ஏது? ஹன்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் (34ஆம் அத்தியாயம்) அவன் அவள் குடும்பத்தின் தாழ்வை அடுக்கிக்கொண்டே மணம் கேட்கிறான், அவள் மறுக்கிறாள். அவ்வளவுதான். மறுநாள் அவன் தரும் கடிதத்தில் பணிவைத் தேடிப் பாருங்கள். அதைக் கசப்போடு எழுதியதாகவும், அவள் சொன்னதில் நியாயம் உண்டென்று ஒப்ப நாளானதாகவும் பின்னால் (58ஆம் அத்தியாயம்) அவனே சொல்கிறான். முறிந்தவன் அன்றே விழுந்திருக்க வேண்டாமா?

‘உன்னால்தான் பணிவு வந்தது என்று அவனே சொல்கிறானே’ என்பார்கள். சொல்கிறான். காரணம் அவள், வேலை அவனுடையது. எலிசபெத்தின் தங்கை லிடியா விக்கம் என்பவனோடு ஓடிப்போகிறாள்; அவர்கள் கல்யாணத்தை டார்சிதான் முடித்து வைக்கிறான். விக்கமின் கடன் ஆயிரம் பவுண்டுக்கு மேல், லிடியா பேரில் இன்னொரு ஆயிரம், விக்கமுக்குப் படையில் பதவி, எல்லாம் அவன் பணம். பெயரோ எலிசபெத்தின் மாமா கார்டினருக்குப் போக வேண்டும் என்கிறான். லிடியா உளறாவிட்டால் எலிசபெத்துக்கே தெரிந்திருக்காது. ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுண்டு வருமானமும் அவனுடைய பெம்பர்லி மாளிகையும் அப்படியே இருக்கின்றன. பங்கம் எங்கே?

சரியான சொல் குறளிலேயே இருக்கிறது: ‘யான்எனது என்னும் செருக்கறுப்பான்’ (346). செருக்கறுத்தல். ‘அறுதல்’ என்றால் தானாக அறுவது. ‘அறுத்தல்’ என்றால் அறுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் செருக்குக்குச் சொந்தக்காரனே. துறவதிகாரச் சொல்லைக் காதல் கதைக்கு இழுக்கலாமா? என் குலம், என் அந்தஸ்து என்று கிடந்தவன் அறுத்தது அந்த ‘யான்’, ‘எனது’ இரண்டையும்தானே. ‘திமிர் அடங்கியது’ இன்னும் மோசம். அது சினிமா வில்லனுக்கு. ‘தற்பெருமை’யும் ஆகாது. டார்சி தன்னைப் புகழ்ந்து பேசுவதே இல்லை, மற்றவர்களை மதிப்பதில்லை, அவ்வளவே. எலிசபெத்தின் குத்தலுக்கு மட்டும் அகராதி புரட்ட வேண்டாம். அது சுத்தமான கோயமுத்தூர் லொள்ளு.

மொழிபெயர்ப்பாளர்கள் கோட்டைவிடும் இடம் இன்னொன்று. முதல் பக்கத்திலிருந்தே டார்சிக்குப் பணிவான நடையைக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு மாற்றத்தைக் காட்ட வழியில்லாமல் ‘கர்வபங்கம்’ என்று எழுதித் தீர்க்கிறார்கள். கொங்குப் பேச்சின் மரியாதை ‘ங்க’ எதற்கு இருக்கிறது? ஹன்ஸ்ஃபோர்டில் அது ஓரிடத்திலும் வரக்கூடாது. பெம்பர்லி ஆற்றங்கரையில், லண்டனில் வியாபாரம் செய்யும் கார்டினரிடம் வரட்டும்: “எப்ப வேணும்னாலும் வந்து மீன் புடிங்க. தூண்டில் நான் தர்றனுங்க.”