பாம்பு கவ்வினால் கையை ஏன் இழுக்கக் கூடாது

ஹூஸ்டனில் நான் தங்கியிருந்த வீட்டில் என் அறைத்தோழன் ஒரு பாம்பு வளர்த்தான். ஒரு வெள்ளிக்கிழமை இரவு நான் அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது அவன் அறையிலிருந்து, "இங்க வாடா, கொஞ்சம் சீக்கிரம்" என்று குரல் வந்தது. வலியை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். போய்ப் பார்த்தால், கண்ணாடித் தொட்டியின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தான். வலது கையில் கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதையைப் பாம்பு கவ்வியிருந்தது. மணிக்கட்டில் இரண்டு சுற்றும் போட்டிருந்தது. ரத்தம் முழங்கைவரை வழிந்து கார்பெட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் வேறெதுவும் யோசிக்காமல் பாம்பின் கழுத்தைப் பிடித்து இழுக்கப் போனேன்.

"இழுக்காதே! இழுத்தா கிழிஞ்சிடும்" என்றான்.

ஏன் கிழியும் என்பதை அன்றிரவு அவன் விளக்கினான். அதற்குப் பிறகு தேடித்தேடிப் படித்தேன். பாம்பின் வாய் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால், கவ்விய பாம்பை எப்படி விடுவிப்பது என்பதும் தானாகவே புரிந்துவிடும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே பேசுவது நஞ்சில்லாத வளர்ப்புப் பாம்புகளைப் பற்றி மட்டும்தான். நம் ஊரில் வயலிலோ வீட்டு மூலையிலோ ஒரு பாம்பு கடித்தால், இங்கே எழுதியிருக்கும் எதையும் செய்துகொண்டிருக்க வேண்டாம். பாம்பைப் பிடிக்கவும் அடையாளம் காணவும் நேரத்தைச் செலவிடாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குப் போவதுதான் வழி. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் இருக்கிற ஊரில் சந்தேகத்துக்கு இடமே கொடுக்கக் கூடாது. அதோடு, இந்தியாவில் நம் காட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டுப் பாம்புகளையும் ஆவணம் இல்லாமல் கொண்டுவர முடியாது. சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் துணிப் பைகளில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்புகளைச் சுங்கத் துறையினர் பிடித்த செய்திகளைப் பலமுறை பார்த்திருப்பீர்கள்.

அந்த பால் பைத்தான்தான் என் நண்பனிடமும் இருந்தது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சின்ன மலைப்பாம்பு இனம். வளர்ந்தால் மூன்று முதல் ஐந்து அடி இருக்கும். பயந்தால் தலையை நடுவில் வைத்து உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். அதனால்தான் அந்தப் பெயர். உலகத்தில் அதிகமாக வளர்க்கப்படும் பாம்புகளில் ஒன்று. சாது என்றும் பெயர் எடுத்தது. அப்படிப்பட்ட பாம்பு ஏன் கடித்தது?

பாம்பு இரண்டு காரணங்களுக்காகக் கடிக்கும். ஒன்று பயம். "கிட்டே வராதே" என்று சொல்லும் கடி அது. பாய்ந்து, குத்தி, உடனே விட்டுவிடும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். நாம் கையை இழுப்பதற்கு முன்பே பாம்பு பழைய இடத்துக்குப் போய் எஸ் வடிவில் நின்றுகொண்டிருக்கும். இதில் விடுவிக்க ஒன்றும் இல்லை. இரண்டாவது பசி. கை என்று தெரியாமல், எலி என்று நினைத்துக் கடிப்பது. கவ்வுவதும் சுற்றுவதும் இந்தக் கடியில்தான். பால் பைத்தானின் உதட்டோரச் செதில்களில் சின்னச்சின்னக் குழிகள் உண்டு. அவை வெப்பத்தை உணர்பவை. அரையிருட்டில் அது நம் கையை ஐந்து விரல்களாகப் பார்ப்பதில்லை. சூடாக நகரும் ஏதோ ஒன்றாகத்தான் உணர்கிறது. அன்று என் நண்பன் உறைந்த எலியை வெந்நீரில் இளக்கி, அதே கையோடு தொட்டிக்குள் தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கப் போயிருக்கிறான். எலி வாசனை, சூடு, அசைவு, மூன்றும் கையில் இருந்தன. பாம்பின் மேல் ஒரு தப்பும் இல்லை.

இப்போது பற்களுக்கு வருவோம். மலைப்பாம்பின் வாயில் பற்கள் ஆறு வரிசை. கீழ்த்தாடையில் இரண்டு வரிசை, மேல்தாடையின் ஓரத்தில் இரண்டு, அதற்கு உள்ளே அண்ணத்தில் இன்னும் இரண்டு. மொத்தம் ஏறத்தாழ நூறு பற்கள். இவற்றில் மெல்லுவதற்கோ வெட்டுவதற்கோ ஒரு பல்கூடக் கிடையாது. எல்லாமே ஊசிபோல் கூராக, தொண்டையை நோக்கி வளைந்திருக்கும்.

இலந்தை மரத்தில் பழம் பறித்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. இலந்தையில் நேர்முள்ளோடு ஒரு கொக்கிமுள்ளும் இருக்கும். கையை உள்ளே விடும்போது ஒன்றும் தெரியாது. வெளியே எடுக்கும்போதுதான் சட்டைக் கை மாட்டும். வெடுக்கென்று இழுத்தால் துணி கிழியும், தோலும் கிழியும். வந்த வழியிலேயே கொஞ்சம் உள்ளே தள்ளி, முள்ளின் வளைவோடு போய், மெல்லத் தூக்கினால் தானாகக் கழன்றுகொள்ளும். பாம்பின் வாயும் இதேதான். நாம் கையை வெளியே இழுக்கிற ஒவ்வொரு முறையும் பற்களின் நுனி இன்னும் ஆழமாக இறங்குகிறது. எலி திமிறத்திமிற பிடி இறுக வேண்டும் என்பதற்காக அமைந்த வாய் அது. நாம் திமிறினாலும் அதுதான் நடக்கும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பாம்பின் கீழ்த்தாடை நம் தாடையைப்போல முகவாயில் ஒன்றாக இணைந்த எலும்பு இல்லை. வலது பாதியும் இடது பாதியும் நீளக்கூடிய தசைநாரால் மட்டும் கட்டப்பட்டிருக்கின்றன. விழுங்கும்போது பாம்பு தாடையைக் கழற்றிக்கொள்கிறது என்று சொல்வார்கள், அது தவறு. எதுவும் கழல்வதில்லை. வலது பக்கம் இரையைப் பிடித்திருக்க, இடது பக்கம் கொஞ்சம் முன்னேறிப் பிடிக்கும். பிறகு இடது பிடித்திருக்க, வலது முன்னேறும். கயிற்றைக் கை மாற்றி மாற்றி இழுத்து வாளியை மேலே கொண்டுவருவதுபோல. வாய்க்குள் இருக்கும் கையில் இந்த நகர்வைத் தெளிவாக உணர முடியும். "அது நடக்குதுடா" என்று என் நண்பன் அன்று சொன்னது இதைத்தான்.

சரி, இவ்வளவு பெரிய கையை விழுங்க முடியாது என்று தெரிந்தும் ஏன் விடாமல் இருக்கிறது? இதற்கு ஓர் அழகான பதில் இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள டிக்கின்சன் கல்லூரி ஆய்வாளர்கள் 2012-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இறந்த எலிகளின் உடலில் செயற்கை இதயம் பொருத்தி, எலியைச் சூடாக்கி, மலைப்பாம்பைப்போலவே இரையைச் சுற்றி இறுக்கும் போவா பாம்புகளுக்குக் கொடுத்தார்கள். இதயம் துடித்துக்கொண்டிருந்தபோது பாம்புகள் அதிக நேரம், அதிக அழுத்தத்தோடு இறுக்கின. நடுவில் துடிப்பை நிறுத்தியதும் பிடியைத் தளர்த்தின. உயிருள்ள இரையைக் கொன்று பழக்கமே இல்லாத பாம்புகளும் அப்படித்தான் செய்தன. அதாவது, இரை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதைப் பாம்பு தன் உடம்பாலேயே கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தச் சோதனை போவாவில் நடந்தது. ஆனாலும் மணிக்கட்டில் சுற்றியிருக்கும் மலைப்பாம்புக்குக் கீழே நம் நாடியும் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். அதற்கு மேல் கையையும் உதறினால், "இரை இன்னும் சாகவில்லை" என்று நாமே அதற்குச் சொல்வதுபோல ஆகிவிடும். நம்மால் இதயத்தை நிறுத்த முடியாது. ஆனால் கையை அசைக்காமல் வைத்திருக்க முடியும்.

எனவே கவ்வியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, கையை மேசையிலோ தொடையிலோ ஊன்றிக்கொண்டு ஆடாமல் இருப்பது. பாம்பின் எடையை இன்னொரு கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். உடம்பு தொங்கினால், அந்த எடையே பற்களை இழுக்கும். பால் பைத்தானோ, கார்ன் பாம்பு என்ற இன்னொரு சின்ன வளர்ப்புப் பாம்போ என்றால், பல நேரம் சில நிமிடங்களில் "இது இரை இல்லை" என்று தானாகவே விட்டுவிடும். அந்தச் சில நிமிடங்கள் மிக நீளமாகத் தெரியும். அதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

சுற்றியிருந்தால் வாலிலிருந்து தொடங்க வேண்டும். சுற்றின் வலுவெல்லாம் தலையை ஒட்டிய பகுதியில் இருக்கிறது. வால் நுனியில் பிடி குறைவு. வால் நுனியைப் பிடித்து ஒவ்வொரு சுற்றாக எதிர்த்திசையில் பிரித்தால் கழன்று வரும். நடுச் சுற்றைப் பிடித்து நெம்பினால் வராது. பாம்பு இன்னும் இறுக்கும். அன்று வாலைப் பிரிப்பதுதான் என் வேலை. நான் எதிர்பார்த்ததைவிட எளிதாகவே வந்தது.

அப்புறம் தண்ணீர். குழாயடிக்குப் போய், குளிர்ந்த தண்ணீரைப் பாம்பின் தலைமேலும் வாயோரத்திலும் மெல்ல ஓடவிட வேண்டும். மூக்கில் தண்ணீர் படுவது அதற்குப் பிடிக்காது. மூச்சுக்காக வாயைத் திறந்து விலகப் பார்க்கும். வெந்நீர் மட்டும் கூடவே கூடாது. சூடு பட்டால் பாம்பின் தோலும் வாயும் வெந்துபோகும்.

தண்ணீருக்கும் மசியவில்லை என்றால்தான் கையால் விடுவிப்பது. பாம்பின் தலையைப் பின்னாலிருந்து இரண்டு விரலால் லேசாகப் பிடித்து, நம் கையை நோக்கி முன்னால் தள்ள வேண்டும். மனம் இதை ஏற்காது. வெளியே வர வேண்டிய கையை இன்னும் உள்ளே கொடுப்பதுபோல இருக்கும். ஆனால் ஒரு சில மில்லிமீட்டர் தள்ளினாலே பற்கள் வளைவோடு பின்வாங்கிக் கழலும். அதே நேரத்தில் தாடையைத் தூக்கிப் பிரிக்க வேண்டும். வாயின் முன்பக்கத்திலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை, பழைய ஏடிஎம் கார்டு போன்றதை, பற்களுக்கும் தோலுக்கும் நடுவில் நுழைத்தால் கழன்ற பற்கள் திரும்ப மாட்டாது. கரண்டி, ஸ்க்ரூடிரைவர் மாதிரி இரும்பு எதுவும் வேண்டாம். பாம்பின் பல்லும் தாடை எலும்பும் மெலிதானவை; நெம்பினால் உடையும். சில நேரம் பாம்பே விட்டுவிட நினைத்து வாயைத் திறந்தாலும் பல் தோலில் மாட்டிக்கொண்டிருக்கும். அப்போது இந்தச் சின்னத் தள்ளல்தான் அதற்கும் உதவி.

வாயில் சாராயமோ மௌத்வாஷோ ஊற்றினால் உடனே விட்டுவிடும் என்று வளர்ப்பவர்கள் பலர் சொல்வார்கள். விடும், உண்மைதான். அந்த எரிச்சல் எந்தப் பிராணிக்கும் தாங்காது. ஆனால் பாம்பின் மூச்சுக்குழல் திறப்பு தொண்டையின் ஆழத்தில் இல்லை; கீழ்த்தாடையின் தரையில், வாயின் முன்பகுதியிலேயே இருக்கிறது. பெரிய இரையை விழுங்கும்போதும் மூச்சு விட வேண்டுமே, அதற்கான ஏற்பாடு அது. நாம் ஊற்றும் சாராயம் நேராக அதற்குள் போக முடியும். நுரையீரலுக்குப் போனால் அந்தப் பாம்பு பிழைப்பது கஷ்டம். என் கருத்தில் இது கடைசி வழி. அப்போதும் பாம்பின் தலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, உதட்டோரத்தில் ஒன்றிரண்டு சொட்டு வைத்தாலே போதும்.

இவ்வளவும் சின்னப் பாம்புக்கு. பர்மியப் பைத்தான், ரெட்டிகுலேட்டட் பைத்தான் போன்றவற்றின் கணக்கே வேறு. எட்டடிக்கு மேல் வளர்ந்த பாம்பைத் தனியாளாகக் கையாளக் கூடாது என்பது வளர்ப்பவர்கள் கடைப்பிடிக்கும் விதி. மலைப்பாம்பு இரையை மூச்சுத் திணறவைத்துக் கொல்கிறது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். அதே டிக்கின்சன் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, போவா இறுக்கிய சில நொடிகளிலேயே எலியின் ரத்த ஓட்டம் தடைபடுவதைக் காட்டியது. பெரிய பாம்பு கழுத்தையோ மார்பையோ சுற்றினால் நிதானமாகக் காத்திருக்க நேரம் கிடையாது. உதவிக்கு ஆள் வேண்டும், அவசர எண்ணை அழைக்க வேண்டும். பாம்பின் பல்லைப் பற்றியெல்லாம் அங்கே யோசிக்கக் கூடாது.

கை வெளியே வந்த பிறகு, சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். ஊசித் துளைகள் நிறைய இருப்பதால் பார்க்கப் பயமாக ரத்தம் வரும். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். டி.டி. ஊசி போட்டு நாளாகியிருந்தால் போட்டுக்கொள்ள வேண்டும். பாம்பின் வாயில் பாக்டீரியாக்கள் இருக்கும். வீக்கம், சிவப்பு, காய்ச்சல் வந்தால், அல்லது கடி விரல் மூட்டிலோ முகத்திலோ பட்டிருந்தால், மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி. என் நண்பனுக்குக் காயம் மூன்று நாளில் ஆறியது. ஆனால் ஒரு புள்ளி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. பத்து நாள் கழித்து அதிலிருந்து கண்ணாடித் துணுக்குபோல் ஒன்று வெளியே வந்தது. வெள்ளைத் தாளில் வைத்து விளக்குக்கு அருகே பார்த்தோம். இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. உடைந்த அடிப்பக்கம் கொஞ்சம் தடிமனாக, நுனி கண்ணுக்கே தெரியாத மெலிவாக, ஒரு பக்கமாக வளைந்திருந்தது.

பாம்புக்கு அந்தப் பல் போனது நஷ்டமில்லை. வாழ்நாள் முழுக்கப் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும். ஈறு கிழிந்து சீழ் வைத்தால்தான் ஆபத்து. வாய் அழுகல் என்று வளர்ப்பவர்கள் சொல்லும் நோய், கவனிக்காவிட்டால் பாம்பைக் கொன்றுவிடும். அதனால் அடுத்த சில வாரங்கள் அதன் வாயோரம் சிவந்திருக்கிறதா, வாயை முழுக்க மூட முடியாமல் இருக்கிறதா என்று தினமும் பார்த்தான். இரண்டு வாரம் கழித்து எலி வைத்தான், தயங்காமல் எடுத்துக்கொண்டது.

அதன்பிறகு அவன் சில விஷயங்களை மாற்றினான். இரையை நீளமான இடுக்கியால் மட்டுமே கொடுத்தான்; எலியைத் தொட்ட கையைக் கழுவாமல் தொட்டிப் பக்கமே போகவில்லை. சாப்பாடு இல்லாத நாளில் பாம்பை வெளியே எடுப்பதானால், மூடியைத் திறந்ததும் முதலில் ஒரு வளைகம்பியால் அதன் முதுகில் மெல்ல வருடுவான். கம்பி சூடாக இருக்காது, எலி வாசனையும் வராது. சில மாதங்களில் பாம்புக்கு அது பழகிவிட்டது. கம்பி பட்டதும் நாக்கை இரண்டு தடவை நீட்டிப் பார்த்துவிட்டு உடம்பைத் தளர்த்திக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் அவன் கை உள்ளே போகும்.